மூன்றரை மணிச் சொட்டு

முதலில் அட்டையைத்தான் சந்தேகித்தேன்.
வாழைப்பழம் வந்த பெட்டி,
ஏற்கெனவே நனைந்திருக்கலாம் என்று.
மறுநாள் புது அட்டை விரித்தேன்.
அதிலும் பெருவிரல் அகலத்துக்கு அதே பச்சை,
அதே இனிப்பு வாடை.

வண்டி, கோல்ஃப். எண்பத்தொன்பதில்
சரயேவோவில் பூட்டியது. என்னைவிட நான்கு வயது இளையது.
ஸெனிட்சாவின் எஃகாலைப் புகையில்
அதன் சிவப்பு எப்போதோ
பக்கத்துச் சுவரின் நிறமாகிவிட்டது.

நியாஸ் லின்ஸிலிருந்து பேசுவான், லாரி ஓட்டியபடியே.
"தண்ணி ஊத்து, போதும். அது குடிக்கிற ரகம்."
இந்தக் குளிரில் தண்ணீர் உறையும்.
பச்சையையே காசு கொடுத்து வாங்கி ஊற்றினேன்.
வாரம் அரை லிட்டர்.
குடித்தது.

அக்டோபரில் மெர்சாத் மேல் ஹோஸை மாற்றினான்.
நவம்பரில் கிளாம்ப்கள், மூடி,
பிறகு வாட்டர் பம்ப். அது மட்டும்
சலவைக்கூடத்தில் எனக்கு எட்டு இரவுகள்.
ஒவ்வொரு முறையும் காற்றை அழுத்திக் காட்டுவான்.
முள் அசையாது.
"பார் வஹிதா, கல் மாதிரி நிக்குது."
கல் மாதிரித்தான் நின்றது.
வீட்டுக்கு வந்தால் அட்டை நனையும்.

பக்கத்து வீட்டு ஹைரியா, நாய்தான் என்றாள்.
நாய் பச்சையாகவா போகும் என்று கேட்டேன்.
இந்தக் காலத்து நாய்கள், என்றாள்.

சலவை ரசீதின் பின்புறத்தில்
கணக்கு எழுத ஆரம்பித்தேன்.
தேதி. ஓடிய தூரம். வெளிக் குளிர். குறைந்த அளவு.
திராவ்னிக் போய் வந்த நாள்: ஒன்றுமில்லை.
மலையேறி முள் சிவப்பைத் தொட்ட நாள்: ஒன்றுமில்லை.
விடுமுறை, வண்டி நகரவே இல்லை, மைனஸ் ஒன்பது:
அரை விரல்.

மறுபடி படித்தேன்.
ஓடினால் ஒழுகாது. நின்று ஆறினால் ஒழுகும்.
மெர்சாதின் கொட்டகையிலோ எந்நேரமும் அடுப்பு எரியும்.
காய்ச்சல் விட்ட நேரமாய்ப் பார்த்துப் பார்த்து
வைத்தியரிடம் கூட்டிப்போயிருக்கிறேன்.

சனிக்கிழமை இரவு மைனஸ் பதினொன்று.
பானட்டைத் திறந்து வைத்துவிட்டு
இரண்டு கம்பளி, ஒரு ஃப்ளாஸ்க் காப்பியோடு
முன்சீட்டில் உட்கார்ந்தேன்.
அரைமணிக்கு ஒருமுறை இறங்கி டார்ச் அடித்தேன்.
பன்னிரண்டுக்கு, சுருங்கும் இரும்பின் டிக் டிக்.
ஒன்றுக்கு அதுவும் இல்லை.
இரண்டரைக்கு என் கால்விரல்கள் வேறு யாருடையவோ.

மூன்றரைக்கு, நான் ஒருமுறையும் பாராத இடத்தில்,
ஹெட்டின் ஓரம், ஹோஸ் வந்து சேரும்
கருப்பு பிளாஸ்டிக் கழுத்தின் அடியில்
நகம் உரசினாலும் தெரியாத ஒரு மயிரிழை.
அங்கே ஒரு சொட்டு திரண்டது. அவசரமே இல்லை அதற்கு.
கியர்பாக்ஸ் முதுகில் நடந்து,
ஒரு ஒயரைப் பிடித்துத் தொங்கி,
முற்றத்துச் சரிவோடு அந்தக் கோடிக்குப் போய்
பம்புக்கு நேர் கீழே விழுந்தது.
மூன்று மாதம் நான் பம்பைத் திட்டியிருக்கிறேன்.

அந்த நேரத்திலேயே நியாஸுக்குப் போன் போட்டேன்.
"கண்டுபிடிச்சிட்டேன்."
"யாரை?" என்றான்.
குரலில் தூக்கம் இல்லை.
என் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி போய்க்கொண்டிருந்தது.
"கழுத்தை," என்றேன். "பிளாஸ்டிக்."
"ஓ," என்றான், நீளமாக.

பாகம் பன்னிரண்டு மார்க். ரப்பர் வளையம் சும்மா கொடுத்தான்
மெர்சாத்; கூலியும் வேண்டாம் என்றான்,
பானட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே.

பதினான்கு நாளாயிற்று. அளவு கோட்டிலேயே நிற்கிறது.
ஆனாலும் இரவானால் அட்டையை விரிக்கிறேன்.
காலையில் காய்ந்தபடியே எடுத்து மடிக்கிறேன்.

ரசீதின் பின்புறம் இன்னும் இடம் இருக்கிறது.
தேதி எழுதுகிறேன்.
வெளிக் குளிர் எழுதுகிறேன்.
அவன் போன் வந்த நேரம்,
எத்தனை நிமிடம்.