எடைச்சீட்டு

நிபோங் தெபாலில் ஏறுவதற்கென்று
ரயில் நிலைய மேம்பாலம் ஒன்றுதான் உண்டு.
நாற்பத்தாறு படி.
முதுகுப்பையில் பத்துக் கிலோ சியாம் அரிசியோடு
நான்கு மாதம் ஏறி இறங்கினேன்.
பட்டர்வொர்த் வண்டிக்கு நின்றவர்கள்
முதல் வாரம் சிரித்தார்கள்.
அடுத்த வாரம் "இன்னைக்கு எத்தனை?" என்றார்கள்.
பிறகு, மழையில் நான் வராத நாளுக்குக்
கணக்குக் கேட்டார்கள்.

வேலை எனக்கு ஆலையின் எடைப்பாலத்தில்.
செம்பனைக் குலையோடு லோரி உள்ளே வரும்: நிறை எடை.
கொட்டிவிட்டு வெளியே போகும்: வெறும் எடை.
கழித்தால் சீட்டு.
இருபத்தேழு வருடம்
கழித்துக் கழித்தே கையெழுத்துப் போட்டவள்
மலை பார்க்க ஆசைப்படவில்லை.
பூமியிலேயே கழிபட்ட இடம் ஒன்று,
பெரு நாட்டில், கோல்கா என்ற பள்ளத்தாக்கு.
மூன்று நாள் நடை. வழிகாட்டி உண்டு.
"பெருவா? அங்க என்ன கோயிலு?" என்றாள்
கேன்டீன் மீனலோசனி.

மலை முதலில் வாங்கிக்கொண்டு பிறகு கொடுக்கும்.
பள்ளம் அப்படியில்லை,
கடைசி நாள்தான் வசூலுக்கு வரும்.
இறங்கினோம், இறங்கினோம்.
கட்டைவிரல் நகம் சப்பாத்து முனையில்
இடித்து இடித்துக் கறுத்தது.
முன்னால் யெசெனியா, பூத்தையல் தொப்பி,
திரும்பிப் பார்க்காமலே
என் மூச்சைக் கேட்டு வேகத்தைக் குறைப்பாள்.
"உங்கள் ஊர் மலை எப்படி?"
"கிடையாது. தண்ணீர்த் தொட்டிதான் உயரம்."
அவள் நம்பவில்லை.
பின்னே எதைப் பார்த்து வீடு திரும்புவீர்கள் என்றாள்.
மூக்கை வைத்து, என்றேன்.
ஆலைப் புகை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.

இரண்டாம் இரவு ஆற்றோரம்.
வானம் ஒரு முழ அகலம்,
அதற்குள் அத்தனை நட்சத்திரத்தையும் திணித்திருந்தது
பாசார் மாலாம் முடிகிற நேரத்து
ஐந்து ரிங்கிட் பை மாதிரி.
சிரித்தேன்.
முட்டி சிரிக்கவில்லை.
கழிவறைக்குப் போகக் கல்லைப் பிடித்து,
கொடிக்கம்பியைப் பிடித்து,
கடைசியில் யெசெனியாவின் தோளை.

விடியுமுன் நாலரை.
மற்ற ஆறு பேரும் நெற்றி விளக்கோடு கிளம்பினார்கள்.
எனக்கு ஒரு கோவேறு கழுதை வந்தது.
பேர் மோரா. அறுபது சோல்.
நான் எழுபத்தொரு கிலோ, பை எட்டு.
எவ்வளவு தூக்கும் என்று கேட்காமல்
நான் பாரம் ஏற்றியது
அன்றைக்கு ஒருமுறைதான்.

ஆயிரத்து நூறு மீட்டர்.
ஒவ்வொரு வளைவிலும் அது நின்றது.
அதன் விலா என் கால்களுக்கு நடுவே
விரிந்து, சுருங்கி, விரிந்து.
நாற்பத்தாறு, நாற்பத்தாறு என்று
எண்ணிக்கொண்டே வந்தேன்,
நடப்பது நான்தான் என்பதுபோல.
வெட்கமாக இருந்தது.
பிறகு எதிர்ச்சுவர் உச்சியில் வெயில் விழுந்து
எங்களைக் கடந்து ஆழத்துக்கு இறங்கியபோது
வெட்கப்படவும் மறந்துபோனேன்.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

விளிம்பில் எல்லாரும் கைதட்டினார்கள்.
யெசெனியா படம் எடுத்தாள்.

அந்தப் படம்தான் இப்போது கேன்டீன் சுவரில்.
மேனேஜர் லேமினேட் செய்து கொடுத்தார்.
"நம்ம புனிதம் ஏறுன மலை" என்று
வருகிறவர்களுக்கெல்லாம் மீனலோசனி காட்டுகிறாள்.
நான் மறுக்கவில்லை.
தே தாரிக்கைக் குடித்துக்கொண்டிருப்பேன்.

போன மாதம் வந்த நேப்பாளப் பையன் தில் பகதூர்
மலையைப் பார்க்கவில்லை.
என் கையில் பிடித்தபடியே இருந்த
கயிற்றின் மேல் விரலை வைத்து,
படத்தின் ஓரம் வரை கொண்டுபோய்,
"இந்தப் பக்கம் யாரு, காக்?" என்றான், அரைகுறை மலாயில்.

சொன்னேன்.
அவனிடம் மட்டும்.

"மேலே வந்ததும் உப்புக் கொடுத்தீங்களா?"
இல்லை.
தலையாட்டிக்கொண்டு போனைத் திறந்தான்.
அவன் அப்பாவின் கழுதை, நெற்றியில் சிவப்புக் குஞ்சம்.
எத்தனை கிலோ ஏற்றுவீர்கள் என்று கேட்டேன்,
தொழில் புத்தி.
"அறுபது. அதுக்கு மேல அப்பா ஏத்தமாட்டார்."

வெளியே ஆ லெங் ஹாரன் அடித்தான்.
போய் அவன் லோரியைப் பாலத்தில் ஏற்றச் சொல்லி,
திரையில் எண்
நடுங்கி அடங்கும்வரை
பார்த்துக்கொண்டு நின்றேன்.