கண்ணாடிப் பை

பர்கூர் சிப்காட்டில் எங்கள் கம்பெனி வாசலில்
கண்ணாடிப் பைதான் கொண்டுபோக வேண்டும்.
கண்ணாடி என்றால் பிளாஸ்டிக்.
டிபன் டப்பா, சீப்பு, பாதி தின்ற கடலைமிட்டாய்,
தூரமான நாளில் செய்தித்தாளில் மடித்த அதுவும்
எல்லாருக்கும் தெரியும்.
வாட்ச்மேன் இப்போதெல்லாம் பார்ப்பதுகூட இல்லை,
பை தானாகவே தன்னைக் காட்டிக்கொண்டு போகிறது.

எனக்கு வேலை செக்கிங்கில்.
தோலை டியூப்லைட்டுக்கு அடியில் விரித்து
உண்ணி கடித்த இடம், முள்கம்பி இழுத்த கோடு,
சூடு போட்ட தழும்பு
ஒவ்வொன்றையும் வெள்ளிப் பேனாவால் வட்டமிடுவேன்.
வட்டத்துக்கு வெளியே இருப்பதுதான் ஷூ ஆகும்.

சம்பளத்துக்கு மறுநாள் வாணியம்பாடி போனேன்.
முஜீப் பாய் துண்டுத்தோலைக் கிலோவாக நிறுக்கிறார்.
ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஒரு துண்டு,
வெல்லம் முற்றிய நிறம்.
நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு முள்கம்பிக் கோடு,
அதனால்தான் அந்த விலை.
பஸ்ஸில் சுருட்டி மடியில் வைத்திருந்தேன்.
பக்கத்து சீட் பெண் முந்தானையை மூக்குக்குக் கொடுத்து
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்தேன்.
ஜவுளிக்கடை அட்டைப்பெட்டி;
கைப்பிடி வரவேண்டிய இடத்தில்
'விற்ற துணி வாபஸ் இல்லை'.
தையலுக்குப் புள்ளி வைக்க முள்கரண்டி.
அடியில் வைத்துத் தட்ட கிரானைட் துண்டு,
பாலிஷ் போடுகிற இடத்தின் பின்னால் குப்பையில் எடுத்தது.
எங்கள் ஜில்லாவில் கல்லுக்கு மட்டும் பஞ்சமில்லை.

முதல் இரவு பத்து அடி அடித்திருப்பேன்,
கீழ்வீட்டு கௌரம்மா படியேறி வந்துவிட்டார்.
'தோல் வேலையா? வீட்டுக்குள்ளயா?'
'வேலை'யை மெதுவாகவும்
'தோலை' அதைவிட மெதுவாகவும் சொன்னார்.
செருப்பை வாசலில் கழற்றிவிட்டிருந்தார்.
நல்ல தோல்.
பார்த்ததும் தெரியும் எனக்கு.
அதற்குப் பிறகு போர்வையை நான்காய் மடித்து
கல்லுக்கு அடியில் போட்டுக்கொண்டேன்.

ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி.
ஒரே துளையில் இந்தப் பக்கமிருந்து ஒன்று
அந்தப் பக்கமிருந்து ஒன்று,
அஞ்செட்டி மலைப்பாதையில் எதிரெதிர் பஸ்கள்போல
ஒதுங்கி, உரசி, மூச்சைப் பிடித்துக் கடக்க வேண்டும்.
ஓர் இரவுக்கு ஒரு சாண்.
அதற்குமேல் ஆள்காட்டி விரல் ஒத்துக்கொள்ளவில்லை.

கோடு மூடிமேலேயே வந்து உட்கார்ந்தது.
திருப்பிப் போட்டுப் பார்த்தேன், அளவு பற்றவில்லை.
சரி, இருக்கட்டும்.
கை பழக்கத்தில் வெள்ளிப் பேனாவைத் தேடியது.

ஆறாம் நாள் தூக்கக் கலக்கம்.
உள் பாக்கெட்டைத் தலைகீழாய்த் தைத்துவிட்டேன்.
வாய் கீழே; சில்லறை போட்டால் நிற்காது.
நாற்பத்தொரு தையல்.
பிரிக்க பிளேடை எடுத்தேன்.
உள்ளே யார் பார்க்கப்போகிறார்கள்,
என்று தோன்றியது.
அந்த நினைப்பு அவ்வளவு புதிதாயிருந்தது.
பிளேடைக் கீழே வைத்துவிட்டு
கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஓரங்களைத் தண்ணீர் தொட்டு
தம்பியின் கிழிந்த ஜீன்ஸால் தேய்த்தேன்.
தேய்த்தேன் என்றால்,
துணி சுட்டு, பிசிறு அடங்கி,
புளியங்கொட்டைபோல மினுக்கும்வரை.

திங்கட்கிழமை ஆறே முக்கால்.
கம்பெனிக்கு எதிரே மாதம்மாள் டீக்கடை.
தோல்பைக்குள்ளிருந்து கண்ணாடிப் பையை எடுத்து உதறினேன்,
டிபன் டப்பாவையும் சீப்பையும் அதற்கு மாற்றினேன்.
மற்றது இருக்கட்டும் என்று மூடியைப் போட்டு
'சாயங்காலம் வாங்கிக்கிறேன்' என்று நீட்டினேன்.
வாங்கி பிஸ்கட் டின்னுக்குப் பின்னால் வைத்தவள்
'கனமா இருக்கே ரத்னா, என்ன வெச்சிருக்க?' என்றாள்.

சங்கு ஊதியது.
'இருக்கு' என்றேன்.