பற்றறி

ஓல்ட்டெனில் எங்கள் கட்டடத்து நிலவறை விளக்கு
மூன்று நிமிடம்தான் எரியும்.
வீட்டுக்காரரின் சிக்கனம்.
சலவை இயந்திரம் சுற்றி முடிக்க
ஒரு மணியும் பத்து நிமிடமும்.
பதினான்கு நாளுக்கு ஒருமுறை, செவ்வாய் மாலை, என் முறை.
ஈரத் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு
பொத்தானைத் தேடிச் சுவர் தடவுவேன்.

வேலை முதியோர் இல்லத்தில், இரவில்.
அங்கே பாதி உயிர் பற்றறியில் ஓடுகிறது:
சுவர்க் கடிகாரம், ரிமோட், இரத்த அழுத்தக் கருவி,
திருமதி வூத்ரிக்கின் ஜன்னலில்
ஓயாமல் கையாட்டும் பிளாஸ்டிக் பூனை.
கருவி ‘போதாது’ என்று படம் காட்டினால்
கழற்றி மஞ்சள் வாளியில் போட வேண்டும்.
“செத்ததுதானே, வேணுமென்றால் கொண்டு போ”
என்றாள் பொறுப்பாளர் றெகுலா.

சாகவில்லை.
வீட்டில் மீட்டர் வைத்துப் பார்த்தேன்.
ஒன்று தசம் ஒன்று.
தசம் ஒன்பது.
ஒன்று, பூனையினுடையது, தசம் ஏழு.
அது வரைக்கும் கையாட்டியிருக்கிறது.

பழுதான விளக்கொன்றை உடைத்து எடுத்தேன்
மோதிரம் அளவில் ஒரு கறுப்பு வளையம்.
சிவப்புக் கம்பி, பச்சைக் கம்பி, பத்துப் பத்துச் சுற்று.
ஒன்றின் தலையை மற்றதன் வாலோடு முடிய வேண்டும்.
தலையோடு தலையை முடிந்துவிட்டு
இரண்டு கிழமை இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர்,
பருப்பளவு எல்.இ.டி.
இந்தச் சுற்றைக் கட்டுகிறவர்கள்
இதற்கு வைத்திருக்கும் பெயர் திருடன்.
அடியில் கிடப்பதையும் உதறி உதறி எடுத்து
ஒளியாக்கும்.

யோகர்ட் கிண்ணத்துக்குள் வைத்து
நிலவறைக் குழாயில் கட்டினேன்.
மூன்று நிமிடத்தில் பெரிய விளக்கு அணைந்தது.
என்னுடையது இருந்தது.
நீலத்தையும் கறுப்பையும் பிரிக்கப் போதாது,
ஆள் இருப்பது தெரியப் போதும்.

அடுத்த முறை போனபோது சுவரில் ஒரு துண்டு.
‘இது பொது மின்சாரத்திலிருந்து திருடியதா?’
கீழே எழுதினேன்: ‘திருடன்தான். ஆனால் பற்றறியில்.’
அதற்கும் கீழே, வேறு மையில்,
மூன்றாம் மாடிக்கும் ஒன்று கிடைக்குமா என்று.

மார்ச்சில் கிண்ணத்தைக் கழற்றினால்
உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தது.
தொட்டேன். சோப்பு மாதிரி வழுக்கியது,
பிறகுதான் எரிந்தது.
வினாகிரி விட்டேன், சீறியது.
ஸ்பிரிங் பச்சை பிடித்து
பற்றறியோடு ஒரே உடலாகியிருந்தது.
கத்தியால் நெம்ப, இரண்டும் சேர்ந்தே வந்தன.

நான் படித்த பள்ளிக்கூடத்து எழுத்தில் பற்றறி.
பிரித்தால் பற்று, அறி.
கடைசி எழுத்தின் சுழியை மாற்றினால் பற்றறு.
இது அறவில்லை.

பிறகுதான் விளங்கியது.
கடைசித் துளியையும் இழுத்தால்
உள்ளே வாயு முட்டும், தோல் விரியும், கசியும்.
திருடன் சொல்லவில்லை.
ஒளியைப் பார்த்துக்கொண்டிருந்த நானும்
கேட்கவில்லை.

இப்போது தசம் எட்டில் நிறுத்திவிடுகிறேன்.
இன்னும் கொஞ்சம் எரியும் என்று தெரிந்தே
கழற்றி, கடை வாசல் பெட்டியில் போடுகிறேன்.
அது விழும் சத்தத்தில்
ஒவ்வொரு முறையும் சின்னக் கஞ்சத்தனம் கிள்ளுகிறது.

நேற்றுச் செவ்வாய்.
துணி சுற்றிக்கொண்டிருக்கையில் றெகுலா அழைத்தாள்.
ஆள் இல்லை, இன்றைக்கும் வர முடியுமா,
ஆறாவது இரவு என்று தெரியும், ஆனாலும்.
பெரிய விளக்கு அணைந்தது.
கிண்ணத்துக்கு அடியில்
என் கை மட்டும் தெரிந்தது,
விரல் நுனியில் தோல் உரிந்த இடம் உட்பட.

இல்லை என்றேன்.
தமிழில் அது இரண்டு அசை.
டொச்சில் ஒன்றுதான்,
வாயிலிருந்து வர அதற்குப் பதினொரு ஆண்டு.

அவள் “சரி” என்றாள்.
அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லவில்லை.

இயந்திரம் நின்றது.
காலுறைகளைச் சோடி சேர்த்தேன்.
ஒன்று குறைந்தது.