முதல், வரை

வாயைத் திறந்து பார்த்த டாக்டர் ம்தெத்வா
உடனே ஒன்றும் சொல்லவில்லை.
கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு
ஜன்னலைத் திறந்தார்.
அந்த நாற்றத்துக்குப் பக்கத்தில்தான்
ஏழு மாதமாகத் தூங்குகிறேன் என்று
சொல்ல வெட்கமாக இருந்தது.

பெனோனிக்குப் பத்து வயது.
பெனோனி ஊரிலிருந்து
லாரியின் முன்னிருக்கையில், மடியில் வைத்து
சாக்ரன் கொண்டுவந்ததால் அந்தப் பெயர்.
சாக்ரன் இப்போது அந்த ஊரிலேயே இருக்கிறான்,
வேறொருத்தியோடு.
ஊர்ப்பெயரைச் சுமந்துகொண்டு
நாய் இங்கே, சாட்ஸ்வர்த்தில்.

மதிப்பீட்டுத் தாள் சூடாக வந்தது, அச்சு இயந்திரத்திலிருந்து.
இரத்தப் பரிசோதனை எழுநூற்று எண்பது ராண்ட்.
மயக்கமருந்து ஆயிரத்து நானூறு.
எக்ஸ்ரே. காறை சுரண்டல்.
பிடுங்கும் பல் ஒன்றுக்கு இவ்வளவு,
வேர் மூன்று என்றால் அதற்குத் தனிக் கணக்கு.
எத்தனை பல்?
மயங்கிய பிறகுதான் தெரியும் என்றார்கள்.
கூட்டுத்தொகை இருக்கவேண்டிய இடத்தில்
ஆறாயிரம் முதல் ஒன்பதாயிரம் வரை.
அந்த முதலுக்கும் வரைக்கும் நடுவே
என் மாதச் சம்பளத்தில் பாதி
கால் நீட்டிப் படுத்திருந்தது.

எனக்குப் பல் பிடுங்கியது அரசு மருத்துவமனையில்.
விடிகாலை நாலரைக்கு வரிசை.
ஊசி போட்டும் பாதிதான் மரத்தது.
"வலிக்குதா ஆன்ட்டி?" என்று கேட்ட பையன்
பதில் வருவதற்குள் இழுத்துவிட்டான்.
காசு கேட்கவில்லை.
பஞ்சைக் கடித்தபடியே மதிய ஷிஃப்டுக்குப் போய்
கல்லாவில் உட்கார்ந்து
யார் யாருடைய நாய்த்தீனி மூட்டைகளுக்கோ
பில் போட்டேன்.

பக்கத்து வீட்டுப் பெருமாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து,
"நாய்க்கு ஏது பல் டாக்டர்?
நல்ல எலும்பாப் போடு, தானா சுத்தமாயிடும்."
எலும்பைத்தான் போட்டேன், பெருமாள்.
எலும்பில்தான் உடைந்தது.

பிடுங்கிய என் பல்லுக்குத் தங்கத் தொப்பி உண்டு.
கல்யாணமான வருஷம்,
கையில் காசு புரண்டபோது சாக்ரன் போட்டுவிட்டது.
மாத்திரை டப்பியில் வைத்திருந்தேன்,
எதற்கென்று தெரியாமல்.
மார்க்கெட்டுக்கு எதிரே தங்கம் வாங்குகிறவன்
லென்ஸை வைத்துப் பார்த்தான்.
"யாருடையது?"
வாயைத் திறந்து காட்டினேன்.
ஓட்டையைப் பார்த்தான். தராசைப் பார்த்தான்.
ஆயிரத்து நானூற்றைம்பது.
மயக்கமருந்துக்கு ஆச்சு.
மிச்சம் ஐம்பது டாக்சிக்கு;
நாய்க்கும் ஒரு சீட்டுக் காசு கேட்கிறார்கள்.

மற்றது ஸ்டாக்வெல்.
டிசம்பரில்தான் என் முறை,
கூரைக்கென்று எண்ணி வைத்தது.
நொம்தாண்டாசோ தன் ஆகஸ்டை எனக்கு விட்டுக்கொடுத்தாள்.
காரணம் சொன்னபோது "யோ!" என்றாள்.
வேறெதுவும் கேட்கவில்லை.
இரவு மட்டும் போனில் வந்தது:
என் பூனையின் வாயும் நாறுகிறது,
சொல்லித் தொலைத்தாயே.

பதினான்கு பற்கள்.
சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள்,
பில்லோடு சேர்த்து.
எட்டாயிரத்து நூற்றுப் பத்து.
குறைந்த பணத்தை மூன்று தவணையில் தரலாமாம்.

இப்போது கூரை ஒழுகுகிறது,
சமையலறையில், அடுப்புக்கு இந்தப் பக்கம்.
பக்கெட் வைத்திருக்கிறேன்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஓர் அட்டை:
ஆறு மாதத்தில் மறுபரிசோதனை,
பெனோனி கோவெண்டர்.
சாக்ரனின் குடும்பப் பெயர்.
பேனா எடுத்து அதை அடித்துவிட்டு
சின்னப்பன் என்று எழுதினேன்.
என் பல்லைப் பற்றி இதுவரை
யாரும் எனக்கு அட்டை அனுப்பியதில்லை.

ரொட்டியைப் பாலில் ஊறவைக்கிறேன்,
கொஞ்சம் அவனுக்கு, கொஞ்சம் எனக்கு.
இரண்டு பேருமே
இடது பக்கமாகத்தான் மெல்லுகிறோம்.