மூன்றாவது பாட்டில்

இரவு ஒன்றே கால்.
கல்லுக்கட்டிக் கடைகள் ஷட்டர் இறக்கி
நாலு மணி நேரம் ஆகியிருக்கும்.
மேசையில் சோலைமலை,
போர்வெல் வண்டி ஓட்டுகிறவன்.
வாயுப்பிடிப்பு என்று மூன்று நாள் சோடா குடித்தவன்.
தேவகோட்டையில் ஒரு கிளினிக்
கை கழுவிவிட்டது.
நாங்கள் முழங்கை வரை கழுவிக்கொண்டு நிற்கிறோம்.

வயிற்றைத் திறந்ததும் வாடை சொல்லிவிட்டது,
குடல்வால் நேற்றே வெடித்திருக்கிறது.
கட்டி, வெட்டி,
கிட்னி டிரேயில் போட்டார் டாக்டர் உமையாள்.
சுண்டுவிரல் அளவுகூட இல்லை.
இனிமேல்தான் வேலை.

"ஜென்டாமைசின் கலந்தாச்சா சிஸ்டர்?"

பதினோரு வருஷமாகக் கலக்கிறேன்.
காளீஸ்வரி குப்பியைப் பிடிக்க
ஊசியில் இழுத்து, வெதுவெதுப்பான சலைனில் விட்டு
ஒரு சுழற்று.
தீர்த்தத்தில் பச்சைக் கற்பூரம் போடுகிற மாதிரி,
கேள்வி கேட்டதில்லை.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து
மயக்க மருந்து ரஹ்மத்துல்லா சொல்கிறான்:
"ஊற்றுகிற மருந்து ரெண்டு நிமிஷம் நிற்காது மேடம்.
நரம்பில் ஏற்றியாச்சு, அது போதும்.
இது கிருமிக்கு நாம எடுக்கிற டியூஷன்."
டாக்டர் பதில் சொல்லவில்லை.
முகமூடிக்கு மேல் புருவம் மட்டும் அசைந்தது.

காளீஸ்வரி அலமாரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பினாள்.
கடைசிக் குப்பி சாயங்காலமே போய்விட்டதாம்.

"வெறும் சலைன் கொடு.
நிறையக் கொடு."

முதல் பாட்டில் பருப்புத் தண்ணி நிறத்தில் திரும்பி வந்தது.
இரண்டாவது, அரிசி களைந்த தண்ணி.
ஈரலுக்கு மேலே, மண்ணீரல் ஓரம், இடுப்புக்குழி.
சேலை அலசுகிறவள் மடிப்புக்குள் மணல் தேடுவதுபோல்
குடலைத் தூக்கித் தூக்கித் துழாவினார்.
சக்ஷன் கரகரவென்று இழுத்தது.
மூன்றாவது பாட்டிலில்
குழாயில் ஏறியது தெளிந்தது,
இன்னும் தெளிந்தது,
இருந்தும் அவர் நிறுத்தச் சொல்லவில்லை.

பேட் எண்ணினேன். பதினெட்டு. இன்னொரு தரம், பதினெட்டு.
தோலை மட்டும் தைக்காமல் விட்டோம்.

விடியற்காலை வராண்டாவில் அவன் மனைவி சிகப்பி,
கையில் கேன்.
சம்பை ஊற்றுத் தண்ணி, நல்ல தண்ணி,
புண்ணைக் கழுவ ஆகுமா என்றாள்.
குடிக்கவே ரெண்டு நாள் ஆகும் என்றேன்.
மூடியைத் திருகி என்னிடம் நீட்டினாள்.
இரவெல்லாம் தண்ணீரோடு நின்றவளுக்கு
அப்போதுதான் தாகம் தெரிந்தது.

ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தேன்.
நல்ல சிவப்பு. வாடை இல்லை.
ரஹ்மத்துல்லாவிடம் போய்ச் சொன்னேன்.
சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன்.
"ஒரு ஆளை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது சிஸ்டர்."

மாத முடிவு. ஸ்டோருக்கு எழுத வேண்டிய பட்டியல்.
ஜென்டாமைசினுக்கு நேரே
எண் போடாமல்
பேனாவைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன்.