சலவை அறை, டிசம்பர் இருபத்து நான்கு

கீழ்த்தளச் சுவரில் தொங்குகிற அட்டவணையில்
இன்று பின்னேரம் என் பெயர்.
யாரும் விரும்பாத முறை.
நாளை முதல் இரண்டு நாள் மெஷின் ஓடக்கூடாது என்று
கட்டடக்காரர் சிவப்புப் பேனையால் எழுதி
இரண்டு தரம் அடிக்கோடும் போட்டிருக்கிறார்.

துவைக்க அதிகமில்லை.
ஒரு தலையணை உறை,
வேலைக்குப் போடுகிற நீலச் சட்டை இரண்டு,
ஆரூரனின் காலுறை ஒன்று.
மற்றது எந்தப் பையோடு
வின்டர்தூர் போனதோ.

ஒற்றை ஆண்டு அவருக்கு, இரட்டை ஆண்டு எனக்கு.
வழக்கறிஞர் வாசித்தபோது
கணக்குச் சரியாகத்தான் இருந்தது.
நேற்று ஓல்ட்டன் ஸ்டேஷனில்
சின்னவள் ரயில் கண்ணாடியில் மூச்சூதி
விரலால் ஏதோ எழுதினாள்.
வெளியிலிருந்து பார்க்க எல்லாம் புறமாறி.
எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள்
ரயில் எடுத்துவிட்டது.

நாங்கள் சைவம்,
நத்தார் எங்கள் பெருநாளே இல்லையென்று
எனக்கே சொல்லிப் பார்த்தேன்.
பிள்ளைகள் சோடித்த பிளாஸ்டிக் மரம்
அதைக் கேட்பதாக இல்லை.
மின்னி மின்னி அணைந்தது.

ரொறன்ரோவிலிருந்து அக்கா:
"கொஞ்சம் நட, மூச்சை இழுத்து விடு."
ஆறு நாளாய்ப் பனிமூட்டம் இங்கே,
எதை இழுப்பது?
"எங்கட வீட்டை வாவன்" என்ற வதனிக்குக்
காய்ச்சல் என்று பொய் சொன்னேன்.
சொன்னதிலிருந்து
உடம்பு உண்மையாகவே சுடுகிறது.

மெஷின் உலுக்கிப் பிழிகிற ஏழு நிமிடம்
இந்தக் கட்டடத்தில் அழுவதற்கு
அதைவிட நல்ல இடமில்லை.
கண்டுபிடித்தவள் நான் மட்டுமென்று நினைத்திருந்தேன்.

கதவைத் தள்ள, வெளிச்சம் எரிந்தது.
கவிழ்த்த கூடையில் நாலாம் மாடி ரெகுலா,
ஏப்ரனில் இறைச்சிக் குழம்பு தெறித்தபடி.
அவளுடைய முறை இல்லை.
மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது.
உள்ளே ஒரு துணியும் இல்லை.

பிடிபட்ட பிள்ளை மாதிரி எழுந்தாள்.
"மேலே பதினொரு பேர்" என்றாள்.
"செப்டம்பரில் அப்பா போனார்.
காலையிலிருந்து தின்கிறார்கள், சிரிக்கிறார்கள்,
ஒருவரும் அவர் பெயரைச் சொல்லவில்லை.
உருளைக்கிழங்கு எடுத்து வருகிறேன் என்று இறங்கி வந்தேன்."

என் வீட்டில் ஒருவருமே இல்லை என்றேன்.
எது பாரம் என்று
நாங்கள் தராசு பிடிக்கவில்லை.
மெஷினை நிறுத்தி
என் நான்கு உருப்படியையும் அவளே போட்டாள்.
ஏப்ரன் பையிலிருந்து மண்டரின் பழம் ஒன்று,
ஆளுக்குப் பாதி.

"அப்பாவின் பெயர் என்ன?"
"வெர்னர்."
வெர்னர் என்றேன் நானும், என் நாக்கில்.
என் வகரம் அவளுக்குப் புதிதாயிருக்கவேண்டும்.
இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.
சொன்னேன்.
பிறகு அவள் என் பிள்ளைகளைக் கேட்டாள்.
ஆரூரன் தப்பிப் பிழைத்தான்.
மகிழினிதான் "மகிலினி" ஆனாள்.
திருத்த மனம் வரவில்லை,
அந்தப் பெயரைக் கூப்பிட
இன்று வேறொரு வாயும் இருந்ததே.

பிழிதல் தொடங்கியது.
இருவரும் பேச்சை நிறுத்தினோம்.
அவள் சுவரைப் பார்த்தாள், நான் குழாயை.
ஏழு நிமிடம்.
மூக்கைத் துடைக்க என் சட்டைக்கை,
அவளுக்கு ஏப்ரன்.

படிக்கட்டில் யாரோ "உருளைக்கிழங்கு!" என்று கத்தினார்கள்.
"ஐயோ, அது பக்கத்து அறையில்" என்று ஓடினாள்.
கதவு மூடி, திரும்பத் திறந்து,
"வியாழன் நான் வேலைக்குப் போவதில்லை"
என்றுமட்டும் சொன்னாள்.

தோலை ஏப்ரன் பையில் போட மறந்துபோனாள்.
மெஷின் மேல் கிடந்து மணத்தது.
நான் உறையை உதறினேன், சட்டைகளை உதறினேன்.
ஒற்றைக் காலுறைக்கு
இரண்டு கிளிப் போட்டேன்.