கறுப்பு டேப், இரண்டு அங்குலம்

அட்டாளைச்சேனையில் எனக்கு
நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.
மாதம் ஒருதரம் வாசலுக்கு வாசல்
எண்ணைப் பார்த்து, எழுதி, துண்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
நாய்களுக்கு என்னைத் தெரியும்.
எனக்கு மரங்களைத் தெரியும்.

ஹிதாயா ராத்தாவின் மதிலோரம் நிற்பது
உள்ளுக்குள் சிவந்த கொய்யா.
கொப்பு ஒன்று கேட்டேன்.
"எத்தினை வேணும்? முறிச்சிட்டுப் போங்க.
நட்டு முளைச்ச ஆளை நான் இன்னும் காணல்ல."

நானும் காணவில்லை.
ஏழு கொப்பை ஜாம் போத்தல்களில் நிறுத்தி
கிழக்கு ஜன்னலில் வரிசையாய் வைத்தேன்.
கடல் பக்கத்து வெயில், விடிந்ததில் இருந்தே தாராளம்.
வேர் வருகிறதா என்று கண்ணாடிக்குள்ளால்
பல் துலக்கிக்கொண்டே பார்ப்பேன்.
போத்தலுக்குப் பாசி பிடித்தது.
கொய்யாவுக்கு எதுவும் பிடிக்கவில்லை.

நோன்பு மாதத்தில் கட்டிய சின்னப் பல்புகள்
ஹஜ்ஜுப் பெருநாள் கிட்டியும் மரத்திலேயே கிடந்தன.
"ஏறத் தெரிஞ்ச ஆள்தானே, கழட்டித் தாங்க தம்பி."
ஏறினேன்.
வயரைக் கொப்போடு சேர்த்து யாரோ டேப் சுற்றியிருந்தார்கள்,
கறுப்பு, இரண்டு அங்குல அகலம்.
உரித்தேன்.

மேலே பச்சை. கீழே கபிலம் ஏறத் தொடங்கிய பச்சை.
நடுவில் அந்த இரண்டு அங்குலம் மட்டும்
மோதிரம் கழற்றிய விரல்போல
வெளிறிக் கிடந்தது.
நகம் வைத்தால் இறங்கியது.
அதன்மேல் வேர்க்குரு
(இந்தச் சொல்லை இத்தனை நாளும்
வெயிலில் அலைந்த என் முதுகுக்குத்தான் சொன்னேன்)
நாலைந்து வெள்ளைப் புள்ளியாய்.

ஒரு சாண் தள்ளித்தான் பல்பு தொங்கியது.
இரவிரவாக எரிந்திருக்கிறது.
டேப்புக்குள் செய்தி போகவில்லை.

அதே டேப் என் பையிலும் கிடக்கும்.
நாலு இளங்கொப்பில், பச்சை மாறாத இடமாய்ப் பார்த்து
இலையைக் கிள்ளிவிட்டு
வெளிச்சம் நுழையாமல் சுற்றினேன்.
"மரத்துக்கு என்ன, காயமா?"
"இல்ல ராத்தா, கொஞ்சம் இருட்டு."
தையல் மெஷினில் இருந்து தலையை எடுக்காமலே கேட்டார்:
"அதுக்கும் துண்டு வருமா?"

அடுத்த மாதம் தொண்ணூற்றிரண்டு யூனிட்.
ஒரு டேப்புக்குள் எறும்பு குடியேறியிருந்தது.
அதற்கடுத்த மாதம் நாற்பத்தொன்று.
மெஷின் ஓடவில்லை என்று
ராத்தா சொல்லவில்லை, மீட்டர் சொன்னது.
சிவப்புத் துண்டை நீட்டிவிட்டு
மரத்தைப் பார்க்காமல் வந்தேன்.

மூன்றாம் மாதம் கத்தியோடு போனேன்.
எனக்கு முந்தி, தூணில் ஏறுகிறவர்களின் வாகனம்
முடக்கில் நின்றது.
"வெட்டவா வந்தீங்க?"
எதை என்று ஒரு கணம் விளங்கவில்லை.
இரண்டும் அன்றுதான் நடந்தது.
வெளியே குறடு ஒருமுறை கடித்தது.
உள்ளே ஃபேன், தெரியாததுபோல்
இன்னும் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு ஓய்ந்தது.
நான் டேப்புக்குக் கீழே, சரிவாக, மூன்று.
"கொண்டு போங்க" என்றார்.
வாசல் வெளிச்சத்துக்குக் கதிரையை இழுத்துப் போட்டு
கையால் காஜா எடுக்கத் தொடங்கியிருந்தார்.

கறுப்புப் பை, ஆற்று மணல்.
வெளிறிய பக்கம் உள்ளே,
இரண்டு இலை மட்டும் வெளியே, அதுவும் நிழலில்.
இந்தமுறை எட்டிப் பார்க்க ஒன்றும் இல்லை.
பல் துலக்கும்போது பல்லை மட்டும் துலக்கினேன்.

ஒன்பதாம் நாள் ராத்தாவின் லைன் திரும்ப வந்தது.
எதை அடகு வைத்தார், யாரிடம் கேட்டார்,
மீட்டரில் அதெல்லாம் பதியாது.

ஒன்று அழுகியது. இன்னொன்று
அழுகாமலும் வளராமலும் நிற்கிறது.
மூன்றாவதை, முப்பத்தாறாம் நாள்,
இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தேன்.
அது தன் பக்கம் இழுத்தது.

நாளைக்கு அந்த ஒழுங்கையில் வாசிப்பு.
சைக்கிள் கூடையை இன்றைக்கே காலிசெய்துவிட்டேன்.